ஃபிபோனாச்சியின் முயலும் கொல்லைப்புற முயலும்

1202-ஆம் ஆண்டில் இத்தாலியின் பீசா நகரத்து லியோனார்டோ தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு புதிர் போட்டார். ஃபிபோனாச்சி என்று பின்னாளில் உலகம் அழைத்தது இவரைத்தான். நாலு பக்கமும் சுவர் எழுப்பிய இடத்தில் ஒரு ஜோடி முயலை விட்டால் ஒரு வருடத்தில் எத்தனை ஜோடி ஆகும்? மாதம் ஒரு ஜோடி குட்டி பிறக்கும், பிறந்த ஜோடி இரண்டாம் மாதத்திலிருந்து தானும் குட்டி போடும், எதுவும் சாகாது. விடை: 377 ஜோடி.

எண்ணூறு வருடம் ஆகியும் அந்தக் கணக்குக்கு மவுசு குறையவில்லை. முயல் வளர்த்தால் லட்சம் லட்சமாகக் கொட்டும் என்று சொல்லும் துண்டறிக்கை எதை எடுத்துப் பார்த்தாலும், அடியில் ஓடுவது இதே பெருக்கல்தான். காகிதத்தில் முயல் சாவதில்லை. காகிதத்தில் அதற்கு வியர்ப்பதும் இல்லை, வயிறு ஊதுவதும் இல்லை, எறும்பு கடிப்பதும் இல்லை.

கூண்டில் நடப்பது வேறு. பெண் முயல் முதல்முறை சினைக்குத் தயாராக ஐந்து, ஆறு மாதம் ஆகும். சினைக்காலம் சராசரியாக 31 நாள். குட்டிகளை ஒரு மாதம் தாயோடு விட்டுப் பிரித்து, உடனே மறுபடி இணை சேர்த்தால், ஒரு ஈற்றுக்கு இரண்டு மாதம். வருடத்துக்கு ஆறு ஈற்று என்று வாய் கணக்குச் சொல்லும். சமவெளியில் கோடை ஒரு ஈற்றையாவது விழுங்கிவிடும். ஐந்து ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி பிழைக்கிறது என்று வைத்தால், இரண்டு பெண் முயலும் ஒரு ஆண் முயலும் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 50 குட்டி. மூன்று மாதத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கிலோ எடைக்கு வரும். அதில் பாதிதான் கறி. ஆக, வாரத்துக்கு ஒரு கிலோ. ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குத் தாராளம். லட்சாதிபதி ஆவதற்குப் போதாது.

இந்த 'வாரம் ஒரு கிலோ' எப்படிச் சாத்தியமாகிறது, எங்கே உடைகிறது என்பதற்கு விடை முயலின் உடம்பில் இருக்கிறது. வளர்க்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது அந்த உடம்பை.

தமிழில் 'முயல்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பிராணிகள் ஒளிந்திருக்கின்றன. நம் தரிசிலும் கரட்டிலும் ஓடுவது காட்டு முயல். யானைக்குக் குறி தப்பிய வேலோடு வள்ளுவர் ஒப்பிட்டுப் பேசிய முயலும் அதுதான். அது வளை தோண்டாது; அதன் குட்டி கண் திறந்து, மயிரோடு பிறந்து, கொஞ்ச நேரத்தில் ஓடத் தயாராகிவிடும். கூண்டில் வளர்ப்பது ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கத்துப் பூர்வீகம் கொண்ட ஐரோப்பிய முயல். அது வளை தோண்டும் சாதி. குட்டி கண் மூடி, தோல் தெரியப் பிறக்கும். காட்டு முயலுக்கு 48 குரோமோசோம், வளர்ப்பு முயலுக்கு 44. இரண்டும் கலக்காது. சட்டமும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை: காட்டு முயலை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். திருவிழா வேட்டைக்குப் போய் வழக்கில் மாட்டிக்கொள்பவர்களின் செய்தி அவ்வப்போது வரத்தான் செய்கிறது. ஆகவே, காட்டில் பிடித்த குட்டியைக் கூண்டில் போட்டு இனவிருத்தி செய்யலாம் என்ற யோசனை இருந்தால் இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

இன்னொரு தப்பான நம்பிக்கை, முயலும் எலி வகைதான் என்பது. இரண்டும் கொறிக்கும், ஆனால் வகை வேறு. முயலின் மேல்தாடையில் முன்வெட்டுப் பல்லுக்குப் பின்னால் சிறிய இன்னொரு ஜோடிப் பல் ஒட்டி நிற்கும். எலிக்கு அது கிடையாது. 1912-இலேயே விலங்கியலாளர்கள் முயலைத் தனி வரிசையில் வைத்துவிட்டார்கள். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். தழையும் தண்டும் இல்லாமல் வெறும் தீவனக் குச்சியை மட்டும் போட்டு வளர்த்தால் பல் தேயாமல் நீண்டு, வாய் மூட முடியாமல் போகும்.

முயல் எப்போது வீட்டுக்கு வந்தது? ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப் கிரிகோரி, முயலின் பிறவாக் குட்டியை மீனுக்குச் சமமாக எண்ணி நோன்பு நாளில் உண்ணலாம் என்று அனுமதித்தாராம். அதனால் பிரான்ஸ் நாட்டுத் துறவிகள் மடத்தில் முயல் வளர்க்கத் தொடங்கினார்களாம். சுவையான கதை. பாடப் புத்தகம் வரை போயிருந்த இந்தக் கதையை 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தபோது, அப்படி ஓர் ஆணையே இல்லை, வேறொரு கிரிகோரி எழுதிய குறிப்பை யாரோ மாற்றிப் படித்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்ற பழமொழி ஆராய்ச்சியாளர்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. முயல் வீட்டுக்கு வந்தது, எந்த ஆண்டு என்று சொல்ல முடியாதபடி, மெள்ள மெள்ள நடந்த சங்கதி.

மெள்ள நடந்ததால் முழுசாக முடியவும் இல்லை. 2014-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று ஐரோப்பிய முயலின் காட்டு வகையையும் வளர்ப்பு வகையையும் ஒப்பிட்டது. எந்த ஒரு மரபணுவும் அடியோடு மாறவில்லை. மூளை, நரம்பு வளர்ச்சி சம்பந்தப்பட்ட பல இடங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள் மட்டுமே. பயத்தின் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பயம் போகவில்லை. தீபாவளி வெடிக்குக் கூண்டுக்குள் தாறுமாறாகப் பாய்ந்து முதுகெலும்பை முறித்துக்கொள்ளும் முயலும், இரவில் நாய் வந்து மோப்பம் பிடித்ததில் மிரண்டு தன் குட்டிகளையே மிதித்துவிடும் தாயும் அந்த மிச்சப் பயத்தின் சாட்சிகள். கூண்டைத் தெருப்பக்கம் வைக்காமல் கொல்லைப்பக்கம் வைக்கச் சொல்வது இதனால்தான்.

இனி வயிறு. முயலை முயலாக்குவது அதுதான்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல்லை நொதிக்க வைக்கும் பானை வயிற்றின் முன்பக்கம் இருக்கிறது. முயலுக்கு அது கடைசியில், சிறுகுடல் தாண்டிய பெருங்குடல் வாயில் இருக்கிறது. உடம்போடு ஒப்பிட்டால் பிரமாண்டமான பை. குடல் முழுவதின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கு அதற்கே. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் உட்கார்ந்து தழையை நொதிக்க வைத்துப் புரதமும் பி வைட்டமின்களும் தயாரிக்கின்றன. சிக்கல் என்னவென்றால், சத்தை உறிஞ்ச வேண்டிய சிறுகுடல் ஏற்கனவே கடந்துபோன ஊர். சமைத்தது எல்லாம் வெளியே போய்விடும்.

அதற்கு முயல் கண்டுபிடித்த வழி கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும். அது இரண்டு வகையாகக் கழிக்கிறது. நாம் பார்ப்பது காய்ந்த, உருண்டையான புழுக்கை. பெரும்பாலோர் பார்க்காதது இரண்டாம் வகை: மென்மையாக, சளிப்படலம் போர்த்தி, சின்ன திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். அது கீழே விழவே விழாது. முயல் குனிந்து, ஆசனவாயிலிருந்தே வாயில் வாங்கி, மெல்லாமல் விழுங்கிவிடும். காய்ந்த புழுக்கையைப் போல இரு மடங்குக்கு மேல் புரதம் அதில் உண்டு. 1882-இல் மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதை முதலில் விவரித்தார். கம்பி வலைத் தரையில் வளரும் முயல் இந்தச் சத்தை இழந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். கீழே விழாததால் இழக்காது.

குடலுக்குள் இதைவிட நுட்பமான ஒரு வேலை நடக்கிறது. நார் பெரிய துண்டாக இருந்தால் பெருங்குடல் அதை வேகமாக வெளியே தள்ளிவிடும். பொடியையும் சாற்றையும் மட்டும் பின்னோக்கி அந்தப் பைக்குள் அனுப்பும். சல்லடை போட்டுச் சலிக்கிற மாதிரி. ஆக, முயலுக்கு நார் சத்தாவது குறைவு. நாரைச் செரிப்பதில் ஆடு அதைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அந்த நார்தான் குடலை ஓட வைக்கும் விசை. கேரட்டும் பழைய சாதமும் பிஸ்கட்டும் போட்டுச் செல்லம் கொடுத்தால் குடல் நின்றுபோகும், வயிறு ஊதும், இரண்டு நாளில் கதை முடியும். கார்ட்டூன் முயல் கேரட் தின்னும். கூண்டு முயலுக்கு அது எப்போதாவது ஒரு துண்டு போதும்.

கொல்லையில் கிடைப்பதே முயலுக்கு விருந்து. வேலிமசால், குதிரைமசால், அகத்தி, முருங்கைத் தழை, கல்யாண முருங்கை, அருகம்புல். காலையில் அறுத்து, ஈரம் போகச் சில மணி நேரம் வாட விட்டுப் போட வேண்டும். சவுண்டல் தழையில் புரதம் அதிகம்தான். ஆனால் அதில் உள்ள மைமோசின் என்ற நச்சு மயிரைக் கொட்ட வைக்கும், ஆகவே கொஞ்சமாக. முயல் அந்தி சாய்ந்தபின் தின்னும் பிராணி என்பதால், பெரிய வேளைத் தீவனம் சாயங்காலத்தில். முயலுக்குத் தண்ணீர் வைத்தால் செத்துவிடும் என்று இன்னும் சிலர் சொல்வதுண்டு. நேர் எதிர்: பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் ஒரு நாள் நின்றாலும் குட்டிகளுக்கு ஆபத்து.

தழையோடு அடர்தீவனமும் கொடுத்து வளர்க்கையில், ஒரு கிலோ எடை ஏற மூன்று, மூன்றரை கிலோ தீவனம் பிடிக்கும். கறிக்கோழி இரண்டு கிலோவுக்கும் குறைவாகத் தின்று அதே எடையைத் தரும். முயல் கோழியை மிஞ்சும் என்பது விளம்பரப் பேச்சு. ஆனால் கோழி தின்பது மக்காச்சோளமும் சோயாவும். முயல் தன் பங்கில் பெரும்பகுதியை வேலியோரத்துத் தழையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்காரருக்கு லாபம் அந்த இடத்தில்தான்.

இனவிருத்தியிலும் முயலுக்குத் தனி வழி. மாட்டுக்கு இருப்பது போல மூன்று வாரத்துக்கு ஒருமுறை தானாக முட்டை வெளியாவதில்லை. இணை சேர்ந்த அதிர்ச்சியில், 10 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வெளியாகிறது. பெண் முயலை ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் தன் இடத்துக்குள் வந்தவனைப் பெண் கடித்துத் துரத்திவிடும். பன்னிரண்டு, பதினான்காம் நாளில் அனுபவசாலிகள் அடிவயிற்றை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பார்கள். கருக்கள் கோலிக்குண்டு மாதிரி நழுவும். அழுத்தினால் கலையும், ஆகவே புதியவர்கள் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

27-ஆம் நாளில் மரப்பெட்டி ஒன்றில் வைக்கோலோ தேங்காய் நாரோ பரப்பிக் கூண்டுக்குள் வைத்தால், பிரசவத்துக்கு முன் தாய் தன் மார்பு மயிரைத் தானே பிடுங்கி மெத்தை போடும். அந்தப் பெட்டிக்குள் அதிகாலையில் கை விட்டுப் பார்த்தால், மயிர் மெத்தை தானாக மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு, ஐம்பது அறுபது கிராம் எடையில், இளஞ்சிவப்பாக ஆறேழு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக் கிடக்கும்.

தாயைத் தேடினால் பெட்டியில் இருக்காது. குட்டிகளை அநாதையாக விட்டுவிட்டதென்று பதறிப் பசும்பால் புகட்டியவர்கள் உண்டு. முயல் தாய் ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் பால் கொடுக்கும், அதுவும் மூன்று நான்கு நிமிடம். காட்டில், வளைக்கு அடிக்கடி போய்வந்தால் நரி வழி கண்டுபிடித்துவிடும்; அந்தப் பழக்கம். நேரம் குறைவு என்பதால் பால் கெட்டி: பசும்பாலைப் போல மூன்று, நான்கு மடங்கு புரதமும் கொழுப்பும். குருட்டுக் குட்டி சில நொடியில் காம்பைப் பிடித்தாக வேண்டும். அதற்கு வழிகாட்டுவது தாய்ப்பாலில் இருக்கும் ஒரு மணம் என்று 2003-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தாய் இல்லாத இடத்தில், அந்த ஒரு வேதிப்பொருளைத் தடவிய கண்ணாடிக் குச்சியைக் காட்டினாலே குட்டி வாயைத் திறந்து கவ்வப் பார்க்கும். குட்டி பால் குடித்ததா என்று அறிய எளிய வழி ஒன்றே: காலையில் வயிறு உருண்டு, பளபளவென்று இருக்கிறதா என்று பார்ப்பது. சுருங்கிய வயிறு என்றால் கவலைப்பட வேண்டும்.

கவலைப்பட வேறு காரணங்களும் உண்டு. எறும்பு அதில் முதல். ஒரே ராத்திரியில் ஒரு ஈற்றையே முடித்துவிடும். கூண்டுக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நம் வீட்டு இனிப்பு டப்பாவுக்குச் செய்கிற அதே வைத்தியம். பிறகு பாம்பு, கீரி, தெருநாய்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி இரத்தக் கழிச்சல் நோயைத் தரும் ஒட்டுண்ணி. மனிதன் முதலில் பார்த்த நுண் ஒட்டுண்ணிகளில் இதுவும் ஒன்று: 1674-இல் டச்சுக்காரர் லீவன்ஹூக் தன் உருப்பெருக்கியில் முயலின் பித்த நீரை வைத்துப் பார்த்தபோது தெரிந்த முட்டை வடிவங்கள் இதன் இனத்தவைதான் என்று கருதப்படுகிறது. இதன் முட்டைகள் வெளியே வந்தவுடன் நோய் பரப்பாது. ஈரத்தில் இரண்டொரு நாள் கிடந்து முதிர வேண்டும். முயல் தன் மென்புழுக்கையை உடனுக்குடன் விழுங்கியும் அதனால் நோய் வராதது இதனால்தான். புழுக்கை தினமும் கீழே விழுந்து, தினமும் அள்ளப்படும் வலைத்தரைக் கூண்டில் நோய் குறையவும், மண் தரையில் கூட்டமாக விட்டால் கூடவும் இதே காரணம்.

இன்னொன்றைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். முயல் தும்முகிறது, கழிகிறது என்று வீட்டில் குழந்தைக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலின் மருந்தை வாயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் வாய்வழி போனால் அந்தப் பெரிய பையில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, விஷம் கக்கும் பாக்டீரியா பெருகி, முயல் செத்துவிடும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனிலும் முயலைக் கொல்லும். காது சொறி வந்தால் கால்நடை மருத்துவரிடம் ஐவர்மெக்டின் ஊசிக்குப் போவதே வழி.

இவ்வளவையும் சமாளித்தவரைக்கூட வெயில் சாய்த்துவிடும். முயலுக்கு வியர்வை கிடையாது என்றே சொல்லலாம். நாய் மாதிரி மூச்சிரைக்கவும் சரியாக வராது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு இருப்பது அந்த இரண்டு நீண்ட காதுகள். வெயிலுக்கு எதிரே காதைப் பிடித்துப் பார்த்தால் இரத்தக் குழாய்கள் கிளைகிளையாகத் தெரியும். காற்று அவற்றைத் தடவிப் போகும்போது இரத்தம் ஆறும். காற்றே 35 டிகிரி சூட்டில் இருந்தால் ஆற வழியில்லை. 15 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம். 30 தாண்டினால் தீனி குறையும்.

ஆண் முயலுக்கு வரும் பாதிப்பு வெளியே தெரியாது. சூட்டில் விந்தணு கெடும். புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய ஏழு வாரம். கத்திரி வெயில் மே கடைசியில் முடிந்துவிடும், மழை தூறும், மனிதன் பெருமூச்சு விடுவான். ஆனால் ஜூன் மாதம் இணை சேர்த்த பெண் முயல்கள் ஜூலையில் வெறும் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். முதலில் கழித்த அந்த ஒரு ஈற்று இங்கேதான் போகிறது.

தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் நடப்பது தற்செயல் அல்ல. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற கறி இனங்கள் அங்கிருந்து சமவெளிக்கு இறங்குகின்றன. இறங்கியபின் அவற்றுக்குத் தென்னங்கீற்றுக் கூரையும், மரநிழலும், மதிய வேளையில் ஈரச் சாக்கும் வேண்டும். தகரக் கூரை போட்ட கொட்டகை அடுப்புக்குச் சமம்.

அடுக்களைக்கு வந்தால், நூறு கிராம் முயல் கறியில் சுமார் 20 கிராம் புரதம், ஐந்தாறு கிராம் கொழுப்பு. கொழுப்பு இவ்வளவு குறைவாக இருப்பதால் நேரடியாக வறுத்தால் நாராகிவிடும். நல்லெண்ணெயும் தேங்காய்ப் பாலும் சேர்த்து, மூடி போட்டு, மெதுவாக வேக விட வேண்டும். வட கனடாவின் பனிக்காட்டில் மெலிந்த காட்டு முயலை மட்டுமே தின்றவர்கள், வயிறு நிறைய உண்டும் நோயில் விழுந்ததை ஸ்டெஃபான்சன் என்ற துருவப் பயணி எழுதியிருக்கிறார். புரதத்திலிருந்து மட்டுமே மொத்தச் சக்தியையும் எடுக்க மனிதக் கல்லீரலால் முடியாது. சோற்றோடும் எண்ணெயோடும் சாப்பிடும் நமக்கு அந்தப் பயம் இல்லை.

வேறொரு தடை உண்டு, புத்தகங்களில் அதிகம் எழுதாதது. வீட்டில் குழந்தைகள் இருந்து, குட்டிக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டால் அந்த முயல் கறியாகாது. பல கொல்லைகளில் முயல் வளர்ப்பு நின்றுபோனதற்கு நோயைவிட இது பெரிய காரணம்.

கடைசியாகப் பணம். 2012-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் ஈமுக்கோழித் திட்டங்கள் கவிழ்ந்து ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்ததைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ஜோடியை அதிக விலைக்கு வாங்கு, குட்டிகளை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்ற அதே அச்சில் வார்த்த ஒப்பந்தம் முயலுக்கும் வருகிறது. குட்டியை வாங்கப்போவது கறிக்கடையா, அடுத்து வரும் புது முதலீட்டாளரா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இரண்டாவது என்றால், அங்கே விற்கப்படுவது ஃபிபோனாச்சியின் முயல்.

வீட்டுக்கு மூன்று முயல் என்று தொடங்க நினைப்பவர், கூண்டு செய்யத் தச்சரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கலாம். சித்திரை மாதத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு, கூண்டு வைக்கப்போகும் நிழலில் அதைத் தொங்கவிட்டு ஒரு வாரம் பாருங்கள். 35-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால், முதலில் அங்கே ஒரு வேப்பமரம் நடுங்கள். முயல் இரண்டு மூன்று வருடம் கழித்து வரட்டும்.